வெந்நீரில் அரை நிமிடம்

தண்ணீர் கொதிக்கட்டும், அவசரமில்லை. கொதித்ததும் இறக்கிவைத்து, குமிழ் அடங்கி ஆவி மட்டும் எழும்புகிற பக்குவம் வந்தபிறகுதான் அதைப் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் சுருண்டுவிடும், அப்புறம் குப்பைக்கூடைதான். எனக்கு இது அத்துப்படி. தூத்துக்குடியில் குத்துச்சண்டை பழகுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வாயில் இருக்கிற மவுத்கார்டு, பல்லைக் காக்கிற அந்த ரப்பர் உறை, என் கையால் பொருத்தினது. நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. நான் பாக்ஸர் இல்லை, வாழ்நாளில் ஒருவனையும் கைநீட்டி அடித்ததில்லை, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பயல்களின் பட்டியலில்தான் என் பேர் இருக்கும். மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன். ஆனால் மருந்துக்கடையில் நிற்கிறவன் என்றால் ஊருக்குப் பாதி டாக்டர். மகள் பிரிசில்லாவை ஒன்பது வயதில் கிளப்பில் சேர்த்த புதிதில், கோச் டைட்டஸ் ஒரு மவுத்கார்டு டப்பாவை என்னிடம் நீட்டி, “அருளப்பன் அண்ணாச்சி, இதுல பொடி எழுத்துல என்னமோ போட்ருக்கான், நீங்கதான் டாக்டர் கிறுக்கலையே வாசிக்கிற ஆளாச்சே” என்றார். வாசித்தேன். வெந்நீரில் அரை நிமிடம், எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு, மேல் பல்வரிசையில் வைத்துக் கடித்து, உதட்டுக்கு வெளியே விரலால் அழுத்தி, உள்ளே நாக்கால் மேலே தள்ளி, ஒரு நிமிடம். அவ்வளவுதான் வித்தை. மற்ற அப்பாமார்கள் பிள்ளையைக் கூட்டிவந்து வெயிலில் சும்மா நிற்க, எனக்கு மட்டும் ஒரு வேலை கிடைத்தது, வேலையோடு ஒரு மரியாதையும் கிடைத்தது. போட்டி என்றால் ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு டப்பாவில் ஐஸ், ஒரு கரண்டி, இவ்வளவோடு நான் கிளம்பிவிடுவேன். பிள்ளைகள் வரிசையில் வந்து வாயைத் திறக்கும். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. அருள்நிறைந்த மரியே செபம் ஒன்றை நிதானமாகச் சொன்னால் பதினைந்து விநாடி. வெந்நீருக்கு இரண்டு செபம், வாய்க்கு நாலு. அந்த நாலு செபம் முடிகிறவரை பிள்ளை பேச முடியாது, நானும் பேச மாட்டேன். போட்டி நாளில் இருபது பிள்ளை வந்தால் எத்தனை செபம் ஆகிறது பாருங்கள். என்னைப் போல் மாதாவைக் கூப்பிட்டவன் பனிமய மாதா கோயில் வாசலில்கூட இருக்கமாட்டான் என்று என் மனைவி செல்வராணி கேலி பண்ணுவாள்.

இப்போது அவள் கேலி பண்ணுவதில்லை. “என்ன, தண்ணி கொதிச்சாச்சா, இல்ல வத்த விட்டுட்டு நிக்கியளா?” என்று ஹாலிலிருந்து கேட்கிறாள், அதில் கேலி இல்லை, என்னை இங்கேயே விட்டுவைத்தால் நான் சாயங்காலம்வரை இப்படியே நிற்பேன் என்கிற கவலைதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி. பிரிசி தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு டிவி பார்க்கிறாள். தோலை ஊதுகிற சத்தம் இங்கே கேட்கிறது. பன்னிரண்டு வயது. பின்பக்கம் புதிதாகக் கடைவாய்ப்பல் முளைக்கிறது, பழைய கார்டு அதில் இடிக்கிறது, அதனால் இன்றைக்குப் புதுசு பொருத்துகிறோம், அடுத்த வாரம் ஈரோட்டில் மாநிலப் போட்டி. எல்லாம் வழக்கம்போலத்தான். மாவட்டப் போட்டி முடிந்த ஒன்பது நாளாக அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், அதுதான் எனக்குப் பயம். அழுதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு நாளாவது அதில் அடிபட்ட பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பிள்ளை உள்ளுக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறது என்று செல்வராணி சொல்கிறாள், நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் எனக்கு ராத்திரி பகலாக அரிக்கிறது வேறு. அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதுதான். அவள் என்னைப் பார்க்கும்போது எந்த அருளப்பனைப் பார்க்கிறாள். இதை யாரிடம் கேட்பது. அவளிடம்தான் கேட்க வேண்டும், அவளிடம்தான் கேட்க முடியாது.

மாவட்டப் போட்டி, மூன்றாவது ரவுண்டு, எதிரே விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை வேல்மதி. இரண்டு ரவுண்டிலும் அவள் கைதான் மேலே. நெட்டையான பிள்ளை, இடது கையை நீட்டி நீட்டி பிரிசியை நெருங்கவே விடவில்லை. நான் பார்வையாளர் பெஞ்சில் முதல் வரிசை. மூன்றாவது ரவுண்டில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தவள் ஒரு தடவை வாயைத் திறந்தாள், அவ்வளவுதான், வெள்ளை கார்டு முன்னால் சரிந்து உதட்டுக்கு வெளியே வந்தது. நான் எழுந்து நின்று “இப்போ, மக்கா!” என்று கத்தினேன். பிரிசியின் வலது கை அவள் வாய்க்குப் போயிற்று. ரெஃப்ரி “ஸ்டாப்” சொன்னது அதற்குப் பிறகு. எல்லாம் சேர்ந்து ஒரு விநாடி இருக்குமா, இருக்காது. விதியில் தப்பில்லை, ரெஃப்ரி நிறுத்தச் சொல்கிறவரை அடிக்கலாம், கார்டு விழுந்தால் அடிக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விதியில் தப்பில்லை, விதியில் தப்பில்லை, இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவரிடம்கூடச் சொன்னேன். அந்தப் பிள்ளை கீழே விழவில்லை. நின்றபடியே இரண்டு கையுறையையும் வாய்க்குக் கொண்டுபோனாள். எடுத்தபோது மேலே ஒரு பல் இல்லை, பக்கத்துப் பல் பாதி உடைந்திருந்தது. பால்பல் விழுந்து முளைத்த பல். இனி முளைக்காத பல். டாக்டர் ஏறிப் பார்த்துப் போட்டியை நிறுத்தினார், பிரிசி ஜெயித்தாள். ரெஃப்ரி கையைத் தூக்கிக் காட்டியபோது கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் என்னையே பார்த்தாள். பிள்ளை பயந்துபோய் அப்பாவைத் தேடுகிறது என்று நான் நினைத்தேன்.

டைட்டஸ் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடையில் ஸ்டாக் ரூமில் நின்று பார்ப்பேன், பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக் கேட்பேன். வெள்ளை சரிகிறது, கை போகிறது, என் குரல். இல்லை, வெள்ளை, என் குரல், கை. மெதுவாக ஓடவிட்டால் குரல் மாட்டுக் குரல் மாதிரி இழுக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்று பிடிபடவில்லை. ஆனால் குரல்தான் முன்னால் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். செல்வராணியும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னாள். “நீங்க போட்ட சத்தத்துலதான் அவ கையை வீசிருக்கா. அவளா அடிக்கிற பிள்ளை இல்ல” என்றாள். கேட்டதும் வலித்தது, ஆனால் உள்ளே எங்கேயோ இதமாகவும் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கத்தினது தப்பு, சரி. ரிங்கைச் சுற்றி எந்தத் தகப்பன்தான் கத்துவதில்லை. குத்து, விடாதே, போடு என்று தொண்டை கிழிய எல்லாரும்தான் கத்துகிறார்கள். அது மன்னிக்கிற தப்பு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டுச் சொன்னால் சாமியார் ஒரு ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அதனால்தான் நான் அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறேன். அதை விட்டால் அதற்கு முன்னால் நடந்ததற்குப் போக வேண்டும். அன்று காலை ஒன்பதரை மணிக்கு. அரங்கத்து ஸ்டேஜ் ஓரத்தில், என் மேஜையில். அதற்கு நான் போகமாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

தண்ணீர் கொதித்துவிட்டது. இறக்கி வைத்தாயிற்று. குமிழ் அடங்கட்டும். காலை ஒன்பதரை மணி. எடை போட்டு முடிந்து, யாருக்கு யார் என்று சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பிளாஸ்கைத் திறந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பொருத்தினேன். அப்புறம்தான் அவர் வந்தார், சண்முகக்கனி, விளாத்திகுளத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், முதல் பஸ் பிடித்து வந்த கசங்கின சட்டை. கையில் கவர் பிரிக்காத புது மவுத்கார்டு. “நேத்துதான் பார்சல் வந்துச்சு அண்ணாச்சி, இத என்ன பண்ணணும்னே எங்களுக்குத் தெரியல, நீங்க பாத்துத் தருவீகன்னு சொன்னாக” என்றார். பக்கத்தில் அந்தப் பிள்ளை. இரட்டை ஜடையை மடித்துக் கட்டியிருந்தது, இதோ சிரிக்கப்போகிறேன் என்கிற முகம். கவரைப் பிரித்துக் கொடுத்தேன், வாயில் வைத்தது, இரண்டு விரலால் இழுத்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும், வெந்நீரே காணாத கார்டு. “பேர் என்னம்மா?” என்றேன். சும்மா கேட்பதுதான், எல்லாப் பிள்ளையிடமும் கேட்பேன். “வேல்மதி.” சுவரில் பிரிசில்லா என்ற பேருக்கு நேரே எழுதியிருந்த பேர். அப்போது எனக்குள் என்ன நடந்தது. நான் யோசித்தேனா. யோசித்தேன் என்று சொல்ல நேரமே இல்லை, ஆனால் யோசிக்காமல் ஒன்றும் நடக்கவுமில்லை. கரண்டி கையில் இருந்தது. பிளாஸ்க் திறந்தே இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். “இது போதும். ஒண்ணும் செய்யாண்டாம். அப்படியே கடிச்சிக்கிட்டா நிக்கும்” என்றேன். அவர், “வெந்நீர்ல போடணும்னு சொல்லுதாகளே அண்ணாச்சி” என்றார். நான் சிரித்தேன். கடைக்கு வருகிற ஜனங்கள் இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று மூன்றாவது தடவை கேட்கும்போது சிரிக்கிற சிரிப்பு. “போதும்னு சொல்லுதேம்லா” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் ஆறிப்போயிருந்தது என்று நான் எனக்கே கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை. அவர் போன பத்தாவது நிமிடம் அதே தண்ணீரில் டைட்டஸ் காப்பித்தூளைப் போட்டுக் கலக்கி ஊதி ஊதிக் குடித்தார். வரிசையில் பிள்ளைகள் நின்றது, நேரமில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர்தான் கடைசி. ஆறு செபம் சொல்கிற நேரம், அவ்வளவுதான். பிரிசிக்கு இரண்டு வருஷமாக வெள்ளிகூடக் கிடைக்கவில்லை, போன வருஷம் தோற்று வந்து பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாளே, அதை நினைத்துத்தான் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு இரக்கம் வரும், ஆனால் அன்றைக்கு நான் அதை நினைக்கவில்லை. ஒன்றையும் நினைக்கவில்லை. கடிச்சிக்கிட்டே இருந்தால் மூச்சு விட முடியாது, மூச்சுக்கு வாயைத் திறந்தால் விழும், இது மட்டும் தெரியும். பல் போகும் என்று நினைத்தேனா, மாதா சத்தியமாக இல்லை. விழுந்தால் ரெஃப்ரி நிறுத்துவார், கழுவச் சொல்லுவார், இரண்டாவது தடவை விழுந்தால் எச்சரிப்பார், அந்தப் பிள்ளை தடுமாறும், பிரிசிக்கு ஒரு வழி கிடைக்கும், இவ்வளவுதான் கணக்கு. இவ்வளவுதான் என்று சொல்கிறபோதே அது எவ்வளவு என்று தெரிகிறது. பிரிசி அப்போது எங்கே இருந்தாள். இதுதான். ஸ்டேஜ் படியில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள், தலை குனிந்திருந்தது, பத்தடி தள்ளி. முதல் இரண்டு நாள் நினைக்கும்போது பத்தடி. அப்புறம் பதினைந்து. நேற்று நினைத்தபோது அரங்கத்தின் அந்தக் கோடியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேன். ஆனால் ஸ்டேஜுக்கு இருப்பது ஒரே படிக்கட்டு, அது என் மேஜைக்குப் பக்கத்தில்தான். எவ்வளவுதான் தள்ளி உட்காரவைத்தாலும் அவள் திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

பல் விழுந்தபோது நான்தான் முதலில் ஓடினேன். யாரோ ஒருவர் அதைக் குழாயில் தேய்த்துக் கழுவப்போனார், கையைப் பிடித்து நிறுத்தி, வேரைத் தொடாமல் எடுத்து, வெளியே டீக்கடைக்கு ஓடி ஒரு தம்ளர் பால் வாங்கி அதற்குள் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் திரும்ப நடலாம் என்று சொல்லி ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தேன். மருந்துக்கடை புத்தி. சண்முகக்கனி என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி இல்லேன்னா எங்களுக்கு என்ன தெரியும்” என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இதை எப்படித் தாங்கினேன் என்று தெரியவில்லை, தாங்கிக்கொண்டேன், அதுவும் நன்றாகத் தாங்கிக்கொண்டேன், கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றிருப்பேன். அன்றிலிருந்து மனிதர் எனக்குப் போன் பண்ணுகிறார். பல்ல நட்டுக் கம்பி கட்டியிருக்கு அண்ணாச்சி, கஞ்சிதான் குடிக்கா அண்ணாச்சி, இந்த மாத்திரையைத் தொடர்ந்து குடுக்கலாமா அண்ணாச்சி. இன்று காலையில் பூசை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பண்ணினார். “பல்லு நிக்கல. சீழ் பிடிச்சிருச்சு. நேத்து எடுத்துட்டாக. இனி வளந்து பெரிய மனுசியானப்புறம்தான் நிரந்தரமா வைக்க முடியுமாம், அதுவரைக்கும் கழட்டி மாட்டுற பல்லுதானாம்” என்றார். பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டேன். “பேசும்போது கையை வச்சி மூடிக்கிடுதா. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் போகல” என்றார். அப்புறம் அவராகவே, “நாந்தான் இன்னும் கொஞ்சம் நல்லதா பாத்து வாங்கியிருக்கணும். ஆனா நீங்களே பாத்துட்டுப் போதும்னு சொன்னீக, அதுக்கு மேல என்ன செய்ய முடியும். வீட்டுலயும் அதத்தான் சொன்னேன், அண்ணாச்சியே பாத்தாருன்னு” என்றார். அந்த மனிதர் என்னைச் சாட்சிக்கு வைத்துத் தன் பெண்டாட்டியிடம் தப்பித்திருக்கிறார். நான் “ஆமா” என்றேன். ஆமா என்று சொன்ன வாயோடு வீட்டுக்கு வந்து, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். முள்ளைக்கூடப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

ஆவி மட்டும் போகிறது. பக்குவம். “மக்கா, வாளா” என்று கூப்பிட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பிரிசி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாய் கொப்புளித்துவிட்டு வரச் சொன்னேன், கடலைத் துணுக்கு இருந்தால் அப்படியே பதிந்துவிடும். கொப்புளித்துவிட்டு வந்தாள். கார்டைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்கினேன். ஒரு செபம். பளபளப்பு போய்த் தொய்கிறது. இவளிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வேல்மதி பல் போனதைச் சொல்ல வேண்டும், நாளைக்கு கிளப்பில் யாராவது சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. பல்லைச் சொன்னால் தப்பைச் சொல்ல வேண்டும். எந்தத் தப்பை. கத்தினதைச் சொல்லலாம். கத்தினதைச் சொன்னால் அவள் மனதில் இருக்கிற பாரம் இறங்கும், அப்பா கத்தினதால்தான் கை போச்சு, நான் செய்யவில்லை என்று பிள்ளை நிம்மதியாக அழுதுவிடும். மற்றதை எதற்குச் சொல்ல. மற்றது அவளுக்குத் தெரியாவிட்டால், தெரியாமலே போகட்டுமே, தகப்பன் என்று ஒருவனாவது மிச்சம் இருக்கட்டும். இரண்டாவது செபத்தில் பாவிகள் என்கிற சொல் வருகிற இடத்தில் எனக்கு ஒன்பது நாளாக நாக்கு தட்டுகிறது, இன்றைக்கும் தட்டியது, முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதனால் வெந்நீரில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிட்டது. “போதும்ப்பா, சுருண்டுரும்” என்றாள். எடுத்தேன். குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு. அவள் வாயைத் திறந்தாள். எல்லாப் பல்லும் இருந்தது. வரிசையாக, வெள்ளையாக, என் அம்மாவின் பல். மேல் வரிசையில் வைத்தேன், “கடி” என்றேன், கடித்தாள். இரண்டு கட்டைவிரலாலும் உதட்டுக்கு மேலே அழுத்தினேன். கன்னம் சூடாக இருந்தது.

இனி நாலு செபத்துக்கு அவள் பேச முடியாது. அதனால்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன், வேறு காரணம் இல்லை. பேசவே முடியாத பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற தைரியம்தான் எனக்கு இருந்தது. “மக்கா, அந்தப் பிள்ளை வேல்மதிக்குப் பல்லு நிக்கலயாம். நேத்து எடுத்துட்டாங்களாம்” என்றேன். அவள் கண் என்னைப் பார்த்தது. இவ்வளவு பக்கத்தில் அவள் கண்ணைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது. “நீ அதை மனசுல வச்சிக்கிட்டுக் கிடக்காத. தப்பு உன் மேல இல்ல. அப்பா அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. நான் கத்துனதுலதான் ஒனக்குக் கை போச்சு. அது என் தப்பு. எனக்கு ஒம்பது நாளா மனசு சரியில்ல மக்கா. அந்தப் பிள்ள மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்கி.” கடைசியில் சொன்னது மட்டும் முழு உண்மை, அதைச் சொன்னதும் எனக்கே கண் நிறைந்துவிட்டது. அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. ஏதோ சொல்ல வந்து, முடியாமல், கையை உயர்த்தி, இருங்க என்று காட்டினாள். எச்சில் ஒழுகி என் விரலில் பட்டது. நான் அழுத்திக்கொண்டே நின்றேன். இரண்டாவது செபமா மூன்றாவதா என்று மறந்துபோயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழட்டும், பிடித்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், அடுத்த ஞாயிறு விளாத்திகுளத்துக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம், பிள்ளைக்கு ஒரு டிரஸ் எடுத்துக்கொண்டு போகலாம், ஈரோட்டுக்கு டைட்டஸே கூட்டிக்கொண்டு போகட்டும், நான் போகவில்லை, இனி எந்தப் போட்டிக்கும் போகவில்லை. ஹாலில் செல்வராணி டிவி சத்தத்தைக் குறைத்தாள், மறுபடி கூட்டினாள்.

“ஆச்சு” என்று நான்தான் விரலை எடுத்தேன். அவள் கார்டைக் கழற்றித் தானே குளிர்ந்த தண்ணீரில் போட்டாள், புறங்கையால் மோவாயைத் துடைத்தாள். அழவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு அவளுக்குத்தான் என்மேல் இரக்கமாகிவிட்டது. தோளில் கையை வைத்தாள். “இதுக்கா எப்பா இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு அலைஞ்சிய? நீங்க கத்துனதுனாலலாம் இல்ல. நீங்க கத்துறதுக்கு முன்னாடியே நான் அடிச்சாச்சு” என்றாள். “அது விழும்னு எனக்கு முதல்லயே தெரியும்லா. அவ அப்பாட்ட நீங்க போதும்னு சொன்னியல்லா, படியில உக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன். இழுத்ததும் கையோட வந்துச்சு, அப்படியும் போதும்னிய. எனக்காகத்தான் சொல்லுதியன்னு புரிஞ்சிக்கிட்டேன். மூணு ரவுண்டும் அவ வாயை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். அதை ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற மாதிரி, விடை சரிதானே என்கிற மாதிரி, சந்தோஷமாகச் சொன்னாள். ஜெயித்தபிறகு கூட்டத்தில் என்னைத் தேடினது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அப்படி நினைத்து நான் சொல்லவில்லை மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி நினைத்துத்தான் சொன்னேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இது நாள்வரை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளினாள். தண்ணீருக்குள் கிடந்த கார்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நன்றாகப் பதிந்திருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“ஈரோட்டுக்கு நீங்க வாரியல்லாப்பா? ஒங்ககிட்டதான எல்லாரும் கார்டக் கொண்டுவந்து காட்டுவாவ” என்றாள். பதிலுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.